பெரிய துவக்கு, பெரிய உதை: மலையகத்திலிருந்து அடிக்கடி வரும் கேள்விகள்

யூடியூபில் யானைத் துவக்கு வீடியோ பார்த்துவிட்டுக் கேட்பவர்கள் பாதி, தோட்டத்துப் பங்களாச் சுவரில் மரைக் கொம்பும் வெறும் துவக்குத் தாங்கியும் பார்த்து வளர்ந்தவர்கள் மீதி. கேள்விகள் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வருவதால் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். நான் பண்டாரவளைப் பக்கம். கொஞ்சக் காலம் அவுஸ்திரேலியாவில் வேலை செய்தபோது அங்கே ஒரு சுடும் கழகத்தில் சேர்ந்து .375, .458, .470 மூன்றையும் இலக்குப் பலகையில் சுட்டுப் பழகினேன். யானை சுட்டதில்லை, சுடும் ஆசையும் இல்லை. ஆனால் அந்தத் துவக்குகள் பிடிக்கும்.

எதைத்தான் பெரிய துவக்கு என்கிறார்கள்?

பொதுவாக .375-இல் இருந்து மேலே. அது குழலின் வாய் அளவு, அங்குலத்தில். .375 என்றால் 9.5 மி.மீ. நம் ஊரில் பொலிஸ்காரர் தோளில் பலகாலம் தொங்கிய .303 வெறும் 7.7 மி.மீ. ஹொலண்ட் அண்ட் ஹொலண்ட் கம்பெனி 1912-இல் கொண்டுவந்த .375 மெக்னம் இன்றைக்கும் ஓடுகிறது. ஆபிரிக்காவில் பல நாடுகளில் யானை, எருமை போன்ற ஆபத்தான மிருகத்துக்குச் சட்டப்படி குறைந்தபட்ச அளவே அதுதான், அல்லது அதற்கு ஒட்டிய ஒன்று. அதற்கு மேலே .416 ரிக்பி (1911), .458 வின்செஸ்டர் (1956), .470, .500, .577, .600 என்று ஏறிக்கொண்டே போகும். 1988-இல் .700 நைட்ரோ எக்ஸ்பிரஸ் என்று ஒன்று வந்தது (நைட்ரோ எக்ஸ்பிரஸ் என்றால் கருமருந்துக்குப் பிறகு வந்த புகையில்லா மருந்துத் தோட்டா வகை). அதில் ஒரு குண்டு 65 கிராம். தேவைக்காகச் செய்தது இல்லை, பணக்காரர் ஆசைக்காகச் செய்தது என்பது என் எண்ணம்.

12 போரை விட 4 போர் பெரியது என்கிறார்களே, எண் குறைந்தால் எப்படிப் பெரிதாகும்?

ஒரு இறாத்தல் ஈயத்தை எத்தனை சம உருண்டையாக உருட்டினால் குழலுக்குச் சரியாகப் பொருந்தும் என்பதுதான் போர் கணக்கு. 12 உருண்டை என்றால் ஒன்று 38 கிராம்தான். 8 உருண்டை என்றால் ஒன்று 57 கிராம். 4 உருண்டை என்றால் ஒன்றே 113 கிராம், குழலுக்குள் கட்டைவிரல் தாராளமாகப் போய்வரும். அங்குலக் கணக்கு பின்னால் வந்தது, அதனால்தான் இரண்டும் கலந்து குழப்புகிறது.

சுடும்போது துவக்கு பின்னால் தள்ளும் உதை உண்மையில் எவ்வளவு? சும்மா பயங்காட்டுகிறார்களா?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முக்கால்வாசிப் பேர் குழம்புவது இங்கேதான்.

குண்டு முன்னால் போகும் உந்தமும், அதன் பின்னால் பீறிடும் வெடிமருந்துப் புகையின் உந்தமும் சேர்ந்தது எவ்வளவோ, அவ்வளவும் துவக்குக்குப் பின்பக்கமாகக் கிடைக்கும். துவக்கு கனமாக இருந்தால் மெதுவாகப் பின்னால் வரும், லேசாக இருந்தால் வேகமாக வரும். அவ்வளவுதான் கணக்கு. கனம் அவ்வளவு முக்கியம் என்பது தோளில் வாங்கும் வரை பலருக்குப் புரிவதில்லை.

நான் போட்டுப் பார்த்த கணக்கு இது, ஏறக்குறைய என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு கிலோ .303 ரைபிளில் உதையின் சக்தி 16 ஜூல். பன்றிக்கு வைத்திருக்கும் சாதாரண 12 போரில் 35. நாலேகால் கிலோ .375-இல் 50 சொச்சம். ஐந்து கிலோ .470-இல் 85 பக்கம். அதே .470 தோட்டாவை நாலு கிலோத் துவக்கில் போட்டால் 105-க்கு ஏறிவிடும், தோட்டா மாறவில்லை, ஒரு கிலோ குறைந்தது மட்டும்தான். .600 நைட்ரோவில் 130 வரும், அதுவும் துவக்கு ஏழு கிலோவுக்கு மேல் இருந்தால்.

இப்போது வேடிக்கை என்னவென்றால், 1950-களின் கடைசியில் வெதர்பி கம்பெனி கொண்டுவந்த .460 மெக்னம், ஐந்து கிலோவுக்குக் குறைந்த துவக்கில், அந்த .600-க்குச் சமமான உதையைக் கொடுக்கும். ஆனால் .600 நொடிக்கு ஆறு மீட்டருக்குக் கொஞ்சம் குறைந்த வேகத்தில் பின்னால் வருகிறது, வெதர்பி ஏழரை மீட்டரில் வருகிறது. ஜூல் ஒன்றுதான், உடம்புக்கு ஒன்றில்லை. .470 இரட்டைக்குழலை முதல்முறை சுட்டபோது எனக்கு வலிக்கவில்லை. கொழுந்து மூட்டையோடு இறக்கத்தில் ஓடிவந்தவன் மோதின மாதிரி ஒரு பெரிய தள்ளு, ஒரு கால் பின்னால் போய்விட்டது, அவ்வளவுதான். சின்ன எடையில் வேகமாக வரும் உதைதான் கன்னத்தையும் தோளையும் பதம்பார்க்கும்.

ஒரு ஆள் சுட்டவுடன் துவக்கு கையை விட்டுப் பறந்துபோகும் வீடியோ பொய்யா?

பொய் இல்லை. அதில் பல .577 டைரனோசர் என்ற தோட்டா. 1993-இல் ஏ-ஸ்குவேர் என்ற அமெரிக்கக் கம்பெனி செய்தது, 48 கிராம் குண்டு நொடிக்கு 750 மீட்டர். ஆறு கிலோத் துவக்கிலும் உதை 200 ஜூலைத் தாண்டும். ஆனால் அந்த வீடியோக்களில் நிற்கிற விதத்தைப் பாருங்கள். பாதத்தை ஒட்டிவைத்து, உடம்பைப் பின்னால் சாய்த்து, துவக்கைத் தோளில் தொட்டும் தொடாமலும் வைத்திருப்பார்கள். பின்னால் நிற்கிற கூட்டம் சிரிப்பதற்காகவே ஒன்றும் சொல்லிக்கொடுக்காமல் கையில் கொடுத்திருப்பார்கள். எனக்கு அதைப் பார்த்தால் சிரிப்பு வருவதில்லை, குழல் எந்தப் பக்கம் திரும்புகிறது என்றுதான் பார்ப்பேன்.

தோள் எலும்பு முறியுமா?

ஒழுங்காகப் பிடித்தால் முறியாது. அடிக்கட்டையைத் தோள்குழியில் வைக்காமல் புயத்தில் வைத்தால் நீலம் பாரித்துவிடும். காறை எலும்பின் மேல் வைத்தால் ஆபத்துத்தான். அதைவிட அடிக்கடி நடப்பது சின்னச் சின்னக் காயம்: கட்டை குட்டையாக இருந்தால் பெருவிரல் வந்து மூக்கில் மோதும், இரண்டு விசை உள்ள துவக்கில் பின்விசையை இழுக்கும் விரலில் முன்விசை வந்து அடிக்கும். பழைய ஆங்கிலத் துவக்குகளில் முன்விசை கீல் போட்டு மடங்குகிற மாதிரி இருப்பது இதற்காகத்தான், பின்விசையை இழுக்கும்போது விரலின் பின்புறம் வெட்டுப்படாமல் இருக்க.

காதை மறந்துவிடாதீர்கள். தோள் ஆறிவிடும், போன காது போனதுதான். காதுக்குள் அடைப்பான், மேலே மூடி, இரண்டும் வேண்டும். உதையைக் குறைக்கக் குழல் வாயில் மசில் பிரேக் (புகையைப் பக்கவாட்டில் திருப்பும் துளை போட்ட துண்டு) பூட்டுகிறார்கள், உதை குறையும், ஆனால் சத்தம் பக்கவாட்டில் திரும்பி, சுடுபவனுக்கும் பக்கத்தில் நிற்பவனுக்கும் தலையே அதிரும்.

பயமில்லாமல் சுடுவது எப்படிப் பழகுவது?

பயம் வெளியே தெரியாது, அதுதான் பிரச்சினை. நான் பயப்படவே இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள். அதற்கு ஒரு சோதனை இருக்கிறது. கூட இருப்பவரிடம் துவக்கைக் கொடுத்து, உண்மைத் தோட்டாவா போலித் தோட்டாவா என்று நமக்குத் தெரியாமல் போடச் சொல்ல வேண்டும். போலி வந்தால் விசை இழுக்கும்போது "டிக்" என்று மட்டும் கேட்கும். அந்த நேரம் குழல் வாயைப் பாருங்கள்: அசையாமல் இருக்க வேண்டும். பெரும்பாலும் ஒரு சாண் கீழே குத்தும், கண்ணும் மூடியிருக்கும், தோள் முன்னால் பாய்ந்திருக்கும். வராத உதைக்கு உடம்பு பதில் சொல்லிவிட்டது. சுற்றி நிற்பவர்கள் எல்லாம் பார்த்துவிடுவார்கள், அதற்கு அப்புறம் வாய்ச்சவடால் இருக்காது.

பழக்கம் என்பது சின்னதில் இருந்து ஏறுவதுதான். .22-இல் ஆயிரக்கணக்கில் சுடுங்கள், அப்புறம் .308 மாதிரி ஒன்று, அப்புறம்தான் .375. பெரியதை ஒரு நாளைக்கு நாலைந்துக்கு மேல் சுட வேண்டாம், களைத்த தோள்தான் பயத்தைப் படிக்கும். எழுந்து நின்று சுடுங்கள். மேசையில் உட்கார்ந்து சுட்டால் உடம்பு பின்னால் போக இடமில்லை, முழு உதையும் தோளில் இறங்கும், படுத்துச் சுடுவது இன்னும் மோசம். இடக்கால் முன்னால், முழங்கால் கொஞ்சம் மடித்து, உடம்பின் கனம் முன்னால், இடக்கை முன்கட்டையை இறுக்கிப் பிடிக்க வேண்டும். கன்னம் கட்டையில் அழுந்தி இருக்க வேண்டும். இடைவெளி விட்டால்தான் அறை விழும். மேசையில் வைத்துத்தான் இலக்கு பார்க்க வேண்டும் என்றால் தோளுக்கும் கட்டைக்கும் நடுவில் ஒரு மணல் பை வையுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

இரட்டைக்குழல் என்றால் ஆரம்பத்தில் ஒரு குழலில் மட்டும் தோட்டா போடுங்கள். உதையில் விரல் நழுவி இரண்டாவதும் சேர்ந்து வெடிப்பது உண்டு, .470 இரண்டும் ஒன்றாக வெடித்த ஒருவரைக் கழகத்தில் பார்த்தேன், மனிதர் தரையில் உட்கார்ந்து மூக்கைத் தடவிக்கொண்டிருந்தார்.

ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) பூட்டலாமா?

.375-க்குப் பூட்டலாம், கண்ணுக்கும் கண்ணாடிக்கும் நாலு அங்குலத் தூரமாவது இருக்கிற மாதிரி. கிட்ட வைத்தால் புருவத்துக்கு மேலே பிறை வடிவில் வெட்டும். அந்தத் தழும்போடு நிறையப் பேர் இருக்கிறார்கள், கேட்டால் கதவில் அடிபட்டது என்பார்கள். .500-க்கு மேலே வெறும் கண் போதும், அதெல்லாம் அறுபது எழுபது அடியில் சுடும் வேலை.

ஏன் அத்தனை விலை? இரட்டைக்குழலில் அப்படி என்ன இருக்கிறது?

இரண்டு குழலையும் பக்கத்தில் பக்கத்தில் நேராக ஒட்டினால் இரண்டும் ஒரே இடத்தில் அடிக்காது. உதை ஒரு குழலுக்கு வலப்பக்கம் திருப்பும், மற்றதற்கு இடப்பக்கம். அதனால் குழல்களைக் கொஞ்சம் உள்நோக்கிச் சாய்த்து, ஈயத்தால் ஒட்டி, சுட்டுப் பார்த்து, ஒட்டை இளக்கி, ஆப்பை நகர்த்தி, திரும்பச் சுட்டு, இரண்டு குண்டும் ஒரே தூரத்தில் ஒன்றாக விழும் வரை ஒரு ஆள் உட்கார்ந்து செய்ய வேண்டும். அதுவும் ஒரு குறிப்பிட்ட தோட்டாவுக்கு மட்டும்தான் சரிவரும், குண்டு எடையையோ வேகத்தையோ மாற்றினால் இரண்டும் விலகும். இந்தக் கைவேலைக்குத்தான் காசு. லண்டன் பெயர் போட்ட புதுத் துவக்கின் காசுக்குப் பண்டாரவளையில் காணியோடு வீடு வாங்கலாம். .470 தோட்டாவே ஒன்று பத்து டொலருக்குக் குறையாது.

ஆனால் பழைய ஆட்கள் அதை நம்பியதற்குக் காரணம் அலங்காரம் இல்லை. இரண்டு குழல், இரண்டு விசை, இரண்டு பொறி, ஒன்று மக்கர் பண்ணினாலும் மற்றது வெடிக்கும். போல்ட் ரைபிளில் (கையால் தாழ்ப்பாளை இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றும் ஒற்றைக்குழல்) நாலு தோட்டா இருக்கும், விலை பத்தில் ஒரு பங்கு, எனக்கு அதுவே போதும்.

இன்னொரு விஷயம், நைட்ரோ எக்ஸ்பிரஸ் கோதுகள் (தோட்டாவின் பித்தளைக் கூடு) ஏன் அவ்வளவு நீளம் என்று கேட்பார்கள். அந்தக் காலத்து கோர்டைட் மருந்து வெயிலில் சூடேறினால் அமுக்கம் கூடிவிடும், கோது குழலுக்குள் இறுகி வெளியே வராது. யானை முன்னால் நிற்கும்போது அது நடக்கக் கூடாதல்லவா, அதனால் பெரிய கோதில் குறைந்த அமுக்கத்தில் வைத்தார்கள். நுவரெலியாக் குளிருக்கு அந்தக் கவலையே இருந்திருக்காது, வேட்டை நடந்த தாழ்நிலத்துக்கு இருந்திருக்கும்.

பேக்கரும் ரோஜர்ஸும் இந்த நைட்ரோ துவக்குகளைத்தான் வைத்திருந்தார்களா?

இல்லை, அவர்கள் காலம் ஐம்பது வருஷம் முன்னால். கருமருந்து, வாய்வழி இடித்துப் போடும் துவக்கு.

சாமுவேல் பேக்கர் நுவரெலியாவில் பண்ணை போட்டுக் குடியிருந்துவிட்டு 1855-இல் போனார். ஹோர்ட்டன் சமவெளி நீர்வீழ்ச்சிக்கு அவர் பெயர்தான். பிரிஸ்டல் நகரத்து கிப்ஸ் என்பவரிடம் அவர் செய்வித்த ரைபிள் 21 இறாத்தல், அதாவது ஒன்பதரை கிலோ. ஒரு வெடிக்கு ஒரு முழு அவுன்ஸ் மருந்து, நாலு அவுன்ஸ் குண்டு. 12 போரில் இரண்டு மூன்று டிராம் மருந்து போட்ட காலத்தில் இது 16 டிராம். அந்த ஒன்பதரை கிலோ மட்டும் இல்லையென்றால் ஆளைத் தூக்கி எறிந்திருக்கும். அதே ஆள் இந்த மலைகளில் மரை வேட்டைக்குப் போனால் துவக்கே எடுக்கமாட்டார், நாய்களை விட்டுத் துரத்திக் கத்தியால் முடிப்பார்.

மேஜர் ரோஜர்ஸ் பதுளையில் அரசாங்க அதிகாரி. 1,400 யானைக்கு மேல் கொன்றதாகக் கணக்கு. தெருப் போட்ட ஸ்கின்னரும் கல்வே என்ற கெப்டனும் ஆளுக்கு அதில் பாதி வரும் அளவுக்குக் கொன்றார்கள். இலங்கை யானையில் தந்தம் உள்ளதே மிகக் குறைவு, ஆக தந்தத்துக்காகவும் இல்லை. அரசாங்கமே தலைக்கு இவ்வளவு என்று சன்மானம் கொடுத்தது: 1848-க்கு முந்தைய மூன்று வருஷத்துக்குள் வட மாகாணத்தின் ஒரு சின்னப் பகுதியில் மட்டும் 3,500-க்கு மேல். ரோஜர்ஸ் 1845-இல் ஹப்புத்தளை தங்குமடத்தில் இடி விழுந்து செத்தார், கல்லறை நுவரெலியாவில். கல்லிலும் இடி விழுந்து பிளந்தது என்பார்கள். பிள்ளையாரைச் சுட்டவனைச் சும்மா விடுமா என்று எங்கள் பக்கத்துக் கிழவிமார் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். மலையில் ஜூன் மாதம் வராந்தாவில் நின்றால் யாருக்கும் இடி விழலாம் என்று நான் சொன்னால் எடுபடாது.

ரோஜர்ஸ் காலத்தில் யானை வேட்டை என்றால் மிகவும் கிட்டப் போய் நெற்றியில் சுடும் வேலை. அப்போது துவக்கை நிரப்பிப் பின்னால் நின்று கைமாற்றிக் கொடுத்தவர்கள் நம் ஆட்கள் போன்ற கூலிகள்தான், அவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

இங்கே ஒன்று வாங்கி வைத்துக்கொள்ள முடியுமா?

ஆசைக்கு என்றால் முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1916-ஆம் ஆண்டின் 33-ஆம் இலக்க சுடுபடைக்கலங்கள் கட்டளைச்சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கு வைத்திருக்கக் கூடாது, வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். 1996-இல் தண்டனைகளைக் கூட்டினார்கள். சாதாரண ஆள் கச்சேரிக்குப் போய்ப் பயிர்ப் பாதுகாப்பு என்று காரணம் காட்டிக் கேட்கக்கூடியது 12 போர். யானை ரைபிளுக்கு என்ன காரணம் சொல்வீர்கள்? 1937-ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டத்தின்படி யானை, சிறுத்தை, மரை எதையும் தொட முடியாது, பொழுதுபோக்கு வேட்டை என்பதே இந்த நாட்டில் இல்லை.

ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் பாதுகாப்புப் பேச்சை முதலில் அமைப்பாகத் தொடங்கியவர்களும் துவக்குப் பிடித்த தோட்டத் துரைமார்தான், 1894-இல் வேட்டை மிருகப் பாதுகாப்புச் சங்கம் என்று. சுட ஒன்றும் மிஞ்சாமல் போகிறதே என்ற கவலையில் தொடங்கினார்கள், பலன் நமக்கு வந்தது.

தேயிலைக்குள் பன்றி வருகிறது, சிறுத்தை நாயைப் பிடிக்கிறது. ஒரு பெரிய துவக்கு இருந்தால் நல்லதுதானே?

நல்லதில்லை. பெரிய குண்டு பன்றியைத் துளைத்து, அடுத்த மலையில் லயத்துச் சுவரில் போய் நிற்கும். நம் தோட்டங்களில் எந்தப் பக்கம் சுட்டாலும் அந்தப் பக்கம் ஒரு வீடு இருக்கிறது. சிறுத்தைக்கு வனசீவராசிகள் திணைக்களத்துக்குத்தான் சொல்ல வேண்டும்.

இப்போது மலையில் மிருகத்தைக் கொல்வது துவக்குக்கூட இல்லை, பன்றிக்கு என்று தேயிலை ஓரத்தில் கட்டும் சுருக்குக் கம்பி. 2020-இல் நல்லதண்ணியில் அதில் மாட்டித்தான் ஒரு கருஞ்சிறுத்தை செத்தது. கட்டுத்துவக்கு அதைவிட மோசம், யார் கால் தட்டினாலும் வெடிக்கும், விறகுக்குப் போன பொம்பிளைக்கும் வெடிக்கும். அது முழுக்கச் சட்டவிரோதம்.

பழைய தோட்டா ஒன்று வீட்டில் இருக்கிறது. என்ன செய்வது?

வெற்றுக் கோதா, உயிருள்ள தோட்டாவா என்று முதலில் பாருங்கள். எங்கள் வீட்டிலேயே ஒரு வெற்றுக் கோது சாமிப்படத்துக்கு முன்னால் ஊதுபத்தி நிறுத்த இருந்தது. ஒரு விரல் நீளத்துக்குப் பித்தளை, அடியில் விளிம்பு, விளிம்பைச் சுற்றி கைனொக் என்று ஆங்கில எழுத்து, நடுவில் பொறி அடித்த குழி. பங்களாவில் வேலை பார்த்த பாட்டன் கொண்டுவந்தது. அடியில் எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்தால் எந்தத் துவக்கு என்று தெரிந்துவிடும். குழி விழாமல் முனையில் குண்டும் இருந்தால் அது வேறு கதை: தட்ட வேண்டாம், அடுப்பங்கரையில் வைக்க வேண்டாம், திறந்து பார்க்கவே வேண்டாம், பொலிசுக்குச் சொல்லி எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். அனுமதி இல்லாமல் தோட்டா வைத்திருப்பதும் குற்றம்தான், பாட்டன் வைத்தது என்று சொன்னால் எடுபடாது.

மலைக் குளிரில் துவக்கு துருப்பிடிக்குமே?

பிடிக்கும். லைசன்ஸோடு 12 போர் வைத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: தோல் உறைக்குள் மட்டும் வைத்துவிடாதீர்கள், தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், ஒரு மழைக்காலத்தில் குழல் முழுக்கப் புள்ளி விழும். துடைத்து, மெல்லிசாக எண்ணெய் போட்டு, காற்றுப்படும் பூட்டிய அலுமாரியில். எண்ணெயை ஊற்றி நிறுத்தி வைத்தால் வழிந்து கட்டைக்குள் இறங்கி மரம் இளகிவிடும், குழல் வாய் கீழே பார்க்க வையுங்கள்.

சரி, ஆசை விடவில்லை. எங்கே போய்ச் சுடுவது?

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு வழி இருக்கிறது. அந்தந்த நாட்டுச் சட்டப்படி கழகத்தில் சேர்ந்து, பயிற்சி எடுத்து, முதலில் மற்றவருடைய துவக்கில் சுட்டுப் பாருங்கள். பெரிய துவக்கு வைத்திருப்பவர்கள் இரண்டு தோட்டா சுடத் தருவார்கள், மனிதர் எப்படி முகம் சுளிக்கிறார் என்று பார்க்க அவர்களுக்கும் ஆசை. அதற்கு அப்புறமும் வாங்க வேண்டும் போல் இருந்தால் .375 போல்ட் ரைபிள், நாலரை கிலோவுக்குக் குறையாமல், அடியில் தடித்த ரப்பர் தட்டோடு. .458-க்கு நேராகப் போனவர்களில் பாதிப் பேர் ஒரு பெட்டித் தோட்டா முடிவதற்குள் விற்றுவிடுகிறார்கள். பழைய துவக்குப் பட்டியலில் "இருபது தோட்டா மட்டுமே சுட்டது, புதியது போல" என்று போட்டிருப்பதெல்லாம் அவர்களுடையதுதான். வாங்குகிறவனுக்கு நல்ல பேரம்.